அம்மாவுக்கு வந்த கோடி

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் என்ன நடந்தாலும், கொழும்பு இணையத்தளங்கள் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைத்தான் போடும். வேலைநிறுத்தம் என்றாலும் சிரிப்பாள், மண்சரிவு என்றாலும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒரு தளத்துக்குப் பலாங்கொடையிலிருந்து செய்தி அனுப்பும் வாய்ப்பு வந்ததும், பொருத்தமான படம் எது என்று காட்டிவிடுவதாக இருந்தேன்.

முதல் செய்தி, பக்கத்துத் தோட்டத்து மண்சரிவு. தொழிலாளர் குடியிருக்கும் லயம் இடிந்திருந்தது, யாருக்கும் காயமில்லை. மழையில் மலையேறச் சோம்பல். என் போனில் எங்கள் குசினியின் படம் இருந்தது. அடுப்படியைப் புதிதாகக் கட்டுவதற்காக நாங்களே இடித்த சுவர். அதன் முன்னால், கொத்துவேலை பாஸ் மூன்று நாளாக வராத கவலையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் அம்மா. அதையே அனுப்பினேன்.

மறுநாள் தெஹியோவிட்டயிலிருந்து அம்மாவின் அண்ணன் அழுதுகொண்டே வந்து இறங்கினார். இன்டர்நெட் கடையில் படத்தைக் காட்டியவர்கள் செய்தியை வாசித்துக் காட்டவில்லை. மழையில் எங்கள் போனும் கிடைக்கவில்லை. தாலியறுத்த தங்கைக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலை மாமாவின் கையில் இருந்தது.

கதவைத் திறந்தது அப்பா.

நான் விளக்கி முடிக்கும்வரை அப்பா அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“இனிமே அந்தச் சிரிக்கிற பொம்பள படத்தையே போடு. அவ யாரையும் சாகடிக்கல.”