தொண்டை பழுக்கும் காலம்

திண்டுக்கல் பிரியாணிக் கடையொன்றில் போன் எடுப்பவள் ஏஞ்சலின். மறுமுனையில் பேசுகிறவர்கள் அவளை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் திருத்துவதில்லை. அந்தத் தொண்டையில் கரகரப்பை வைத்தது கடவுள் இல்லை, அமலன்.

அமலன் அவள் தெருக் கோயிலின் அண்ணாவி. பெரிய வெள்ளிக்கிழமையன்று மாதாவின் புலம்பலைப் பாடும் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன். தவக்காலம் முழுக்கக் கத்திக் கத்திப் பாடித் தொண்டை கட்ட வேண்டும். அதற்குப் பெயர் பழுப்பது. பழுக்காத குரல் மாதாவுக்கு ஆகாது என்று அந்தத் தெருவே நம்பியது. உச்சத்தில் குரல் நடுங்கினால் வயிற்றில் குத்து விழும். “வயித்துலருந்து பாடு!” பாடம் அவ்வளவுதான். ஏஞ்சலின் எச்சிலில் இரத்தம் வந்த வருடம் கிழவர்கள்கூட அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மதுரை மருத்துவர் மட்டும் திட்டினார். குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, இது வரமில்லை, காயம் என்றார்.

சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் பாடுவது எப்படி என்று அவளுக்குத் தெரிந்தது. தோளைத் தூக்காமல் விலா விரிய மூச்சிழுக்க வேண்டும். கழுத்தை இறுக்கக் கூடாது. உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் விட்டு, ஊதிக்கொண்டே சுருதி பிடிக்க வேண்டும். அவள் குரல் திரும்பவில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் அனிஷாவின் குரல் இன்னும் கெடாமல் இருந்தது. அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, கையில் உறிஞ்சுகுழலைக் கொடுத்தாள்.

“அக்கா, இது பாட்டா, இளநி குடிக்கிறதா?”

“சிரிக்காதடி. கொப்புளம் ஒரே சீரா வரணும். விட்டு விட்டு வந்தா மூச்ச வீணாக்குறன்னு அர்த்தம்.”

அந்தத் தவக்காலத்தில் அனிஷாதான் முன்பாட்டுக்காரி. ஒத்திகைக்கு ஏஞ்சலினும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அனிஷாவின் குரல் சிரமமே இல்லாமல் உச்சத்துக்கு ஏறி நின்றது. அமலன் ஆர்மோனியத்தைப் படாரென்று மூடினான்.

“மகன் செத்துக் கெடக்கான், நீ கல்யாணக் கச்சேரி பண்ற? தொண்ட ஏன் பழுக்கல?”

“வலிக்காமப் பாடலாம்னு அக்கா சொல்லிக்குடுத்தாக.”

“யாரு, இந்த ஓட்டச் சங்கா?”

பெண்கள் சிரித்தார்கள். அனிஷாவின் வயிற்றில் குத்து விழுந்ததும் சிரிப்பு நின்றது. “பாடு!” மறுபடி குத்தினான். அனிஷா மடங்கி விழுந்து வாந்தி எடுத்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஏஞ்சலினும் முதலில் தரையைத்தான் பார்த்தாள். அவன் அனிஷாவின் முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி கையை ஓங்கினான்.

பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதிலாகத் தட்டும் மரக்கட்டை சுவரோரம் கிடந்தது. ஏஞ்சலின் அதை எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்தது எல்லார் காதிலும் விழுந்தது. மறு கையால் அவன் அவள் கழுத்தை நெரித்துச் சுவரில் மோதினான். அவள் கட்டையை அவன் வாயில் அடித்தாள். இரத்தத்தோடு பல் தெறித்தது. அப்போதுதான் பெண்கள் ஓடிவந்தார்கள், ஏஞ்சலினைப் பிடித்து இழுக்க.

மறுநாள் ஊர்ப் பெரியவர் அந்தோணிமுத்து நியாயம் பேசினார். “என்ன இருந்தாலும் அண்ணாவி. முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டுரு ஆத்தா. நல்ல நாளு வருதுல்ல.”

“மொதல்ல அந்தப் புள்ள வயித்தப் பாருங்க மாமா.”

“பொம்பளப்புள்ள வயித்தையா பாக்கச் சொல்ற?”

“குத்தலாம், பாக்கக் கூடாதாக்கும்?”

அவள் முழங்கால் போடவில்லை. அனிஷாவைக் கூட்டிக்கொண்டு டவுன் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். வழக்கு அவள் மேலும் விழுந்தது. பெண் கட்டையெடுத்தது முறையா என்று தெரு இன்றைக்கும் கேட்கிறது. ஆண்டாண்டாகப் பெண்களின் வயிற்றில் விழுந்த குத்தைப் பற்றி அதே தெரு ஒரு நாளும் கேட்டதில்லை. பக்தி என்று பெயர் வைத்துவிட்டால் அடிகூட அபிஷேகம்தான் இவர்களுக்கு.

சில நாள் கழித்து அனிஷா ஏஞ்சலின் வீட்டுக்கு வந்தாள். வெளியே ஒலிபெருக்கி அலறியது. கோயிலில் அமலன் கட்டுப் போட்ட கையோடு மற்றவர்களைக் கத்த வைத்துக்கொண்டிருந்தான். அனிஷா விலா விரிய மூச்சை இழுத்தாள். முகம் கோணியது.

“நிறுத்து.”

“பொறுத்துக்குவேன்க்கா. பாடிருவேன்.”

“பொறுக்கக் கூடாது. வலிச்சா நிறுத்தணும். அதான் மொதப் பாடம்.”

“அப்ப புலம்பல்?”

“இந்த வருசம் மாதா வேற ஆளப் பாத்துக்கட்டும்.”

அனிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தாள்.