உட்கார்ந்த கள்ளனை அடித்த குற்றம்

லாபிஸ் என்ற ஊருக்கு வெறுங்கையோடு வந்து, காடு வெட்டி, பத்து ஏக்கர் ரப்பருக்குச் சொந்தக்காரனானவன் நான். பள்ளிக்கூடம் இரண்டு வருஷந்தான் போனேன். ஆனாலும் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன்.

போன வருஷம் பட்டப்பகலில், கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை ஒருவன் சுருட்டிக்கொண்டிருந்தான். அதட்டினேன். பாராங் கத்தியை ஓங்கினான். ரப்பர் பால்வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பால் அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தேன். கத்தி விழுந்தது, அவனும் “ஐயோ” என்று உட்கார்ந்துவிட்டான். நான் முன்பு தோட்டத்தில் கங்காணியாக இருந்தவன். புத்தி வருவதற்காக மேலே இரண்டு கொடுப்பது எங்கள் வழக்கம். தோளில் கொடுத்து, ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்.

கோர்ட்டில் அவனோடு என்னையும் நிறுத்தினார்கள்!

“கள்ளனைத்தானுங்க அடிச்சேன்!” என்றேன்.

நீதவான் துரை சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “கத்தி ஓங்கினப்ப அடிச்சது சரியாம். உட்கார்ந்தப்புறம் அடிச்சது குத்தமாம். எலும்பு முறிஞ்சிருந்தா நீங்களும் ஜெயிலுக்குத்தானாம்.”

கள்ளன் பல்லிளித்தான். “வாங்க கங்காணி, உள்ள இடமிருக்கு லா!”

எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னதால் என்னை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். என் மரம், என் ஷீட்டு, என் கம்பு. எத்தனை அடி என்பது மட்டும் துரையின் இஷ்டம்!

வாசகர்களே, இப்போதெல்லாம் கள்ளன் கத்தியைப் போட்டால் நானும் கம்பைத் தூரப் போட்டுவிடுகிறேன். எதிரே உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை வாயாரத் திட்டுகிறேன். அதற்கும் அளவு உண்டா என்று எந்தத் துரையையும் கேட்கப்போவதில்லை.