யாழினியின் குரலுக்கு வைத்த வேண்டுதல்

வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் அக்கா தங்கைகளுக்கு வணக்கம். நோய் குணமானதைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். அதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். நம் கோயில் ஆத்தா என் நோயைத் தீர்த்த பிறகும் நான் அவள் மேல் கோபமாக இருந்தேன். என் ஓரகத்தி மாலா மேல் அதைவிட எரிச்சலாக இருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். மூவாரிலிருந்து ஜோகூர் பாருவுக்குப் போய்த்தான் சிகிச்சை. கதிர்வீச்சும் மருந்து ஏற்றுவதும் சேர்ந்தே நடந்தன. மருந்து காதைப் பாதிக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உயிர் பிழைத்தால் போதும், காதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சம்மதித்தேன். போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு, கட்டி போய்விட்டது என்றார்கள். வீட்டில் எல்லாரும் சந்தோஷத்தில் அழுதார்கள். எனக்குக் காதுக்குள் குக்கர் விசில் அடங்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அவருடைய கட்டைக் குரல் எனக்குக் கேட்கும். அவர் குறட்டை அதைவிட நன்றாகக் கேட்கும். கேட்காமல் போனது என் மகள் யாழினியின் குரல். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கீச்சுக் குரல். அப்படிப்பட்ட மெல்லிய குரல்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்று காதைச் சோதித்த பெண் சொன்னார். காதில் மாட்டும் மெஷின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மின்விசிறியும் தட்டும் கரண்டியும் மண்டைக்குள் அலறின. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

உலகத்தில் எத்தனை சத்தம் இருக்கிறது. அதில் இந்த ஒன்றைத்தானா எடுக்க வேண்டும்?

பிள்ளை பேச வந்தால் காதை அவள் பக்கம் திருப்பிக் குனிவேன். கேட்காது. கேட்டதுபோல் தலையை மட்டும் ஆட்டுவேன். ஒரு நாள் அப்படித்தான் ஆட்டினேன். மறுநாள் பள்ளியில் எல்லாரும் கலர் சட்டை போட்டு வந்திருக்க, என் பிள்ளை மட்டும் சீருடையில் போய் நின்றிருக்கிறாள். அழுது வீங்கிய கண்ணோடு வந்தாள். என்ன, என்ன என்று கேட்டேன். என் முகத்துக்கு நேரே வந்து கத்திச் சொன்னாள்.

"பரவால்லமா. சித்திகிட்ட சொல்லிட்டேன்."

சித்தி என்றால் மாலாதான். பக்கத்து வீடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் யாழினிக்குச் சோறு ஊட்டித் தலை பின்னியது அவள்தான். நன்றி இருக்க வேண்டியதுதான். எனக்கு இல்லை. அவளுக்கு இரண்டும் பையன்கள். பெண் பிள்ளை வேண்டும் என்று ஏங்கியவள், என் பிள்ளையைச் சுவர் தாண்டி இழுத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். நோய் வரும்வரை நான் நாற்காலி கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் மாலாவுக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்து, கூடவே வைத்துப் பழக்கியது நான்தான். அதற்கு அவள் செய்கிற கைம்மாறு இதுதானா என்று வயிறு எரிந்தது.

பள்ளி விட்டதும் யாழினி பையை எறிந்துவிட்டு அங்கே ஓடுவாள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தை அப்படியும் இப்படியும் செய்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் போனால் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம்தான் ஆத்தாவிடம் போனேன். திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன், என் பிள்ளை குரலைத் திருப்பிக் கொடு என்று வேண்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை இனி மாலா வீட்டு வாசலை மிதிக்காமல் செய் என்றும் சேர்த்துக் கேட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டேன்.

திருவிழா வந்தது. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தோம். உறுமி, தவில், குலவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தரையே அதிர்ந்தது. எனக்கு முன்னால் போனவர் திரும்பி என்னமோ கேட்டார், பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் அன்று எல்லாருமே என்னைப் போலத்தான்.

தூரத்தில் தூண் ஓரமாக மாலா நின்றாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் என் பிள்ளை நின்றாள். அங்கேயும் அவளோடுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறைத்துப் பார்த்தேன். யாழினி உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக இறக்கிக் காட்டினாள். அப்புறம் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்துக் காட்டினாள். சத்தமே போடவில்லை.

"பால் சிந்துது. மெதுவா நடங்கமா."

என் தோள் நனைந்திருந்தது. அப்போதுதான் உணர்ந்தேன். பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம் முழுசாக, ஒரு சொல் குறையாமல் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுபடியும் உதட்டை அசைத்தாள்.

"நான் பேசுறது தெரியுதாமா?"

தலையில் குடம். வழக்கம்போல் தலையாட்ட முடியாது. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நானும் சத்தமில்லாமல், "தெரியுதுடா கண்ணு" என்றேன். அவள் நாற்காலி மேலேயே குதித்தாள். எனக்குக் கண்ணீர் வழிந்து பாலோடு கலந்தது.

உங்களில் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மரம் தேய்க்கும் எந்திரம் ஓடும்போது கத்தினாலும் கேட்காது. காதில் அடைப்பான் வேறு இருக்கும். பெண்கள் எல்லாரும் உதட்டாலும் கையாலும்தான் ஊர்க்கதை பேசுவோம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக என்று அர்த்தம். வருடக்கணக்கில் அப்படிப் பேசியவள் நான். வீட்டில் பிள்ளையிடம் அதை மறந்துபோனேன்.

பூசை முடிந்து மாலாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து முகத்தை அப்படியும் இப்படியும் செய்தது இதற்குத்தானா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னாள்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்கக்கா. அதான் பிள்ளைய பழக்குனேன். இது நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே. நான் வேலைக்கு வந்த புதுசுல ஒன்னும் கேக்காம அழுதுகிட்டு நின்னேன். காதக் காட்டாத, மூஞ்சியப் பாருன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப பிள்ளை பேசுறப்ப நீங்க காதத்தானே காட்டுறீங்க."

நான் எந்த வீட்டு வாசலை அடைக்கச் சொன்னேனோ, அந்த வீட்டிலிருந்துதான் ஆத்தா என் பிள்ளையின் பேச்சை எனக்கு அனுப்பினாள். முதல் வேண்டுதலைக் கொடுத்துவிட்டு, இரண்டாவதைக் கேட்காதது மாதிரி இருந்துவிட்டாள்.

மெஷினைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டேன். பழகப் பழகக் கொஞ்சம் உதவுகிறது. பரிசோதனைக்கும் தவறாமல் போகிறேன், நீங்களும் போங்கள். இப்போது யாழினி பள்ளிவிட்டு வந்ததும் முதலில் என்னிடம்தான் கொட்டுகிறாள். மாலாவுக்கு ஆறிப்போன செய்திதான். ஆனாலும் அந்தக் கீச்சுக் குரல் அவள் காதுக்குத்தான் முழுசாகக் கேட்கிறது. அதில் எனக்கு இன்னும் பொறாமை உண்டு. அதையும் ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

உங்கள் மனதில் என்ன இருக்கிறதோ, நல்லதோ கெட்டதோ, நீங்களும் அப்படியே அவளிடம் போய்ச் சொல்லுங்கள். எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் யார் கையில் கொடுத்தனுப்புகிறாள் என்று மட்டும் கண்ணைத் திறந்து பாருங்கள். எனக்கே அது சீக்கிரம் மறந்துவிடுகிறது. பிள்ளை பேசும்போது பழக்கத்தில் காதைத்தான் திருப்புகிறேன். யாழினி விடுவதில்லை. என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கிறாள்.