ராஜாத்தியின் சினைக்குதிரை

எனக்கும் எதிர்வீட்டு ராஜாத்திக்கும் பேச்சு கிடையாது. போன குறுவைக்கு நான் விட்டிருந்த நாற்றங்காலில் அவளுடைய குதிரை இறங்கிப் பாதியை மேய்ந்துவிட்டது. கேட்கப் போனதற்கு, "வேலி போட வக்கில்லாதவங்க எதுக்கு நாத்து விடுறீங்க?" என்றாள். அதோடு சரி. ஆகவே அவளைப் புகழ்வதற்காக இதைச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவள் புருஷன் இளஞ்செழியன் குவைத்தில் இருக்கிறான். லீவில் வந்தவன், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று தஞ்சாவூர் அப்துல் வஹாபிடம் ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கிக் கொட்டகையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். லத்தி அள்ளுவதும் கொள்ளு ஊறவைப்பதும் இவள் தலையில் விழுந்தது.

வஹாபின் ஆண்குதிரையோடு சேர்த்ததில் குதிரை சினையானது. பத்தாவது மாதம் முடிந்தும் குட்டி போடவில்லை. கால்கள் வீங்கின. கொள்ளை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராஜாத்திக்குச் சோறு இறங்கவில்லை. அதன் விலாவில் காதை வைத்தபடியே நிற்பாள். பகையாளி என்றாலும் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் இளஞ்செழியனின் அண்ணன் பஞ்சநதம் மூக்கை நுழைத்தார். என் அடுத்த வீடு. ஊரில் எந்த மாடு கன்று போடத் திணறினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் அவர் நடையிலேயே தெரியும். மாட்டுக்கணக்கை எடுத்துக் குதிரைக்குப் போட்டார்.

"பத்து மாசம் தாண்டிடுச்சு. குட்டி உள்ளயே செத்துப்போச்சு. இழுத்துப் போடலன்னா தாயும் போயிடும்."

"குதிரைக்குப் பதினோரு மாசம் ஆகும் மாமா. வஹாப் பாய் போன்ல சொன்னாரு."

"கொம்பில்லாத மாடுதானே அது? எனக்கே கணக்குச் சொல்றியா?"

உயிருள்ள குட்டியை இழுத்தால் அது செத்துப்போகும். இழுக்காமல் விட்டு, அவர் சொன்னது நிஜமாகிவிட்டால் குதிரையே போய்விடும். இந்தப் பயத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை. முகம் காட்டிக் கொடுத்தது.

மறுநாள் பஞ்சநதம், மாட்டுக்கு ஊசி போடும் தமிழரசனையும் கயிற்றோடு இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். போதாததற்குக் குவைத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணன் சொல்றபடி செய்யி. அவருக்குத் தெரியாததா?" என்றான் இளஞ்செழியன்.

"கண்ணால பாக்காதவங்க வாயத் தொறக்க வேணாம்" என்று போனைப் பிடுங்கி வைக்கோல் போரில் எறிந்தாள். கொட்டகைக் கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். "உள்ள அசையுது. என் காதால கேட்டேன். எவன் கையாவது குதிரை மேல பட்டுச்சு, அந்தக் கை தோள்ல இருக்காது."

முதலில் நழுவியவன் தமிழரசன். பஞ்சநதம் மட்டும் தெருவில் நின்று தொண்டை கட்டும்வரை ஏசினார். "குழி வெட்டக் கூப்புடுவேல்ல, அப்ப வர்றேன்!"

அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. நானும்தான். அவள் கொட்டகையிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் பக்கம் மாடு கன்று போட்டால், விழுந்த நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம். பால் பெருகும் என்று நம்பிக்கை. அதற்கென்றே வாய்க்கால் கரையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு மரம் உண்டு. பதினோராவது மாதமும் கழிந்த ஒரு காலையில் பார்த்தால், பஞ்சநதம் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே நிற்கிற ஆலமரத்தில் ஒரு சாக்கு மூட்டை தொங்குகிறது. அவர் நாற்காலி போட்டு டீ குடிக்கும் இடத்துக்குக் கண்ணுக்கு நேராக, சொட்டிக்கொண்டு.

"ஏ புள்ள, என் வாசல்லயா கட்டுவே?" என்று கத்தினார்.

லத்திக்கூடையோடு வந்த ராஜாத்தி நின்றாள்.

"உங்களுக்கு மாட்டு முறைதானே தெரியும் மாமா. அதான் அந்த முறையிலயே கட்டினேன். குட்டி எழுந்திரிச்சு நின்னு பால் குடிக்குது."

அந்த மரம் என் வாசலுக்கும் பக்கம்தான். மத்தியான வெயிலில் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினேன். ஆனாலும் அவிழ்க்கச் சொல்லி நான் வாயைத் திறக்கவில்லை.