அண்ணன் பாகத்தில் இருந்த என் வாசல்

கறுப்புத் திரை. அதன் உச்சியில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரிகள். அந்தக் கம்ப்யூட்டரை முடுக்கினால் முதலில் வருவது அதுதான். எந்த வரியில் நின்று தட்டுகிறோமோ அந்தப் பக்கம் திறக்கும். ஒரு வரி என்னுடையது, மற்றது என் அண்ணனுடையது. மஞ்சளேறிப்போன அந்தப் பெட்டி இன்னமும் எங்கள் வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுகிறேன். பெட்டியின் மேல் உள்ள பக்தியால் அல்ல. என் அண்ணனைப் பற்றி நான் எழுதிவைத்த ஒரு வரி அதற்குள் இருக்கிறது. அது அழிந்துவிடக் கூடாதென்றுதான் இத்தனை வருஷமாகத் தூசி தட்டிப் பாதுகாக்கிறேன்.

ஆவடி சேக்காட்டில் எங்கள் வீடு. அப்பா தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும், படிப்பு ஏறாத இரண்டு பிள்ளைகளும் பிழைக்கட்டும் என்று வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர் அது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். முன்னறையில் வைத்து, காலையில் அண்ணன் அதில் ஜாதகம் கணித்துக் கொடுப்பார். பிற்பகலில் நான் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிப்பேன். அவரிடம் பொருத்தம் பார்த்து முடித்தவர்கள் அப்படியே என்னிடம் பத்திரிகைக்கு வருவார்கள். அப்பா இருந்தவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அப்பா போய் வருஷ திவசம் முடிந்த கையோடு, பாகம் பிரிக்க வேண்டும் என்றார் அண்ணன்.

தாய்மாமா வந்து நடுவில் உட்கார்ந்தார். வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்புவது என்றும், முன்னறையும் கிணறும் பொது என்றும் பேசி முடித்தார்கள். கம்ப்யூட்டர் என்று வந்தபோது மாமா தலையைச் சொறிந்தார்.

“ஊட்ட ரெண்டா வெட்டலாம், இத இன்னாடா பண்றது? கெணறு மாரி இதுவும் பொதுவுல கெடக்கட்டும்.”

“பொதுவுல வுட்டா எவன் பொருள எவன் நோண்டுவான்னு யாருக்குத் தெரியும்?” என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

அம்பத்தூரில் கடை வைத்திருந்த சர்வீஸ்காரரை அழைத்தோம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், எங்கள் வயதுதான், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னா அண்ணாத்தே, கம்ப்யூட்டருக்கும் குறுக்கு சொவரா? எழுப்பிட்டா போச்சு!” என்றார். நிஜமாகவே எழுப்பிவிட்டார். உள்ளே எல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்தார். அண்ணனின் ஜாதக புரோகிராம் பழசு, பழைய விண்டோஸில்தான் ஓடும். ஆகவே முதல் பாகத்தில் அது. இரண்டாம் பாகத்தில் எனக்குப் புதிதாக வந்திருந்த விண்டோஸ் என்.டி. போட்டார், அதில் நுழையப் பாஸ்வேர்டு உண்டு. அண்ணன் கை வைக்க முடியாது. முடுக்கியதும் இரண்டு வரியில் ஒரு மெனு வரும். அவரவர் தன் வரியைத் தட்டித் தன் வீட்டுக்குள் போக வேண்டியது.

புறப்படும்போது அவர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். “அண்ணாத்தே, இந்த மெனு மொத பாகத்துலதான் ஒக்காந்துகினு கீது. உங்க ஊட்டுக்குப் போற வழி உங்கண்ணன் ஊட்டு உள்ளாற. அவரு விண்டோஸ மறுபடி போட்டாருன்னு வையி, மெனு காணாமப் போயிடும். அப்ப இந்த பிளாப்பி வேணும், பத்திரமா வெச்சிக்க.” நான் சிரித்தேன். கூடப் பிறந்தவர் வழியை அடைப்பாரா என்று நினைத்தேன். அண்ணனும் சிரித்தார். அவர் எதை நினைத்துச் சிரித்தார் என்பது பிறகுதான் விளங்கியது. பிளாப்பியை என் மனைவி வாங்கிக்கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்தாள். அந்த வருஷம் ஆயுத பூஜையில் அதற்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டோம்.

என் மனைவிக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை நின்றபோது, எங்கள் தெரு அம்மன் சன்னிதியில் இருவரும் போய் விழுந்தோம். தாயே, இந்தப் பிள்ளை கைக்கு வருகிறவரை உன் ஆடித் திருவிழாப் பத்திரிகையை என் கையால் அடித்துத் தருகிறேன், வேறொருவர் கைக்கு விடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். பெரிய காணிக்கை கொடுக்க வக்கில்லாதவன் என்ன கொடுப்பான்? தெரிந்த வேலையைத்தான் கொடுப்பான். ஆடி வந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். குளித்து, நெற்றி நிறைய விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நாள் உற்சவத்தையும் ஒவ்வொரு உபயதாரர் பேரையும் அடித்தேன். விழாக் கமிட்டியார் வந்து பிழை திருத்திக் கொடுத்தார்கள். மறுநாள் பூந்தமல்லி அச்சகத்துக்கு எடுத்துப்போக வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் பிற்பகல் என் முறைக்குப் போய் உட்கார்ந்து முடுக்கினேன். இரண்டு வரிகள் வரவில்லை. நேரே அண்ணன் பக்கம் திறந்தது. அணைத்து முடுக்கினேன். திரும்பவும் அண்ணன் பக்கம்.

“அண்ணே, என் பக்கம் வரல.”

“உன் பக்கமா? எங்க கீது? காட்டு, நானும் பாக்கறேன்.” அவரே வந்து உள்ளே திறந்து காட்டினார். அவருடைய பாகம் ஒன்றுதான் தெரிந்தது. என் பாகம் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. “காலைல மக்கர் பண்ணிச்சு. விண்டோஸ மறுபடி போட்டேன். உன்னுது அழிஞ்சி போயிருக்கும், இன்னா பண்றது, வுடு.”

அம்பத்தூருக்கு ரயிலேறி ஓடினேன். கடை பூட்டியிருந்தது. சர்வீஸ்காரர் தங்கை கல்யாணத்துக்குத் திருச்சி போயிருப்பதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். திரும்பி வந்து கமிட்டிப் பெரியவரிடம், இரண்டு நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். “நேத்தே உங்கண்ணன் வந்து சொல்லிட்டாரே நைனா, தம்பி பக்கம் வேலைக்காவாது, நான் போட்டுத் தரேன்னு. கையெழுத்துப் பிரதிய வாங்கினு போயிட்டாரே!”

நேற்றே. என் பாகம் அழிவதற்கு முந்தின நாளே. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் அப்புறம் வந்தது, வந்தது போகவில்லை.

அண்ணன் பூந்தமல்லியில் யாரையோ வைத்து அடிக்க, அச்சாகி, தெரு முழுக்கப் பத்திரிகை வந்தது. எங்கள் வாசலிலும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். அடியில், ‘பத்திரிகை உபயம்’ என்று அண்ணன் பேர், கம்ப்யூட்டர் ஜாதகம் கணிக்கப்படும் என்ற விளம்பரத்தோடு. என் மனைவி அதைப் படித்தாள். நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை வயிற்றின் மேல் போயிற்று. “ஆத்தாவுக்குக் குட்த்த வாக்கு போச்சாங்க?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டு, வயிற்றில் கை வைத்துப் பிள்ளை அசைகிறதா என்று பார்ப்பாள். அசைகிறவரை மூச்சு விடமாட்டாள். அதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சர்வீஸ்காரர் திரும்பி வந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் அழியல அண்ணாத்தே. வாசல அடைச்சிட்டாரு, அவ்ளோதான். அவரு பழைய விண்டோஸு கண்ணுக்கு உங்க பாகம் தெரியாது. உள்ள எல்லாம் வெச்சது வெச்ச மாரி கீது” என்றார். எனக்குச் சன்னிதியில் திரை போடுவது நினைவுக்கு வந்தது. திரை விழுந்தால் அம்மன் போய்விட்டாள் என்றா அர்த்தம்? பிளாப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன். “யேசுவே! இதுக்கும் பொட்டா?” என்று ஊதித் துடைத்துப் போட்டார். கரகரவென்று சத்தம் வந்தது. அணைத்து முடுக்கினார். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் திரும்ப எழுந்து நின்றன. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். நான் அடித்த பத்திரிகையை ஒரே ஒரு பிரதி எடுத்து, விழாவின் கடைசி நாளில் அம்மன் பாதத்தில் வைத்தேன். பூசாரி அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பூவோடு சேர்த்து அடியில் செருகினார்.

பெட்டியைச் சரி செய்த அன்றே அவரிடம் இன்னொன்றும் கேட்டிருந்தேன். அந்த இரண்டு வரியின் எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன? சின்னக் கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். “இதுல இன்னா எழுதினாலும் அதான் வரும். அண்ணன், தம்பின்னு போடட்டா?” நானே போட்டுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். அங்கே தமிழ் வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். என் வரிக்கு, ‘அம்மன் துணை’. அண்ணன் வரிக்கு, ‘அம்மன் காரியத்தைத் தடுத்த பாவி’. சர்வீஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“வேணாம் அண்ணாத்தே. கூடப் பொறந்தவரு. மன்னிச்சி வுட்டுடுங்க.”

“உங்க சாமி மன்னிக்கும். எங்க ஆத்தா மொதல்ல ஏன் செஞ்சேன்னு கேக்கும், அப்புறந்தான் மன்னிக்கும்.”

வழக்கமாக அந்த மெனு ஒரு எண்ணிக்கை எண்ணும். அது முடிவதற்குள் யாரும் தட்டாவிட்டால் தானே ஒரு பக்கத்தைத் திறந்துவிடும். அந்த எண்ணிக்கையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். மனசில்லாமல் சொல்லிக் கொடுத்தார். எடுத்துவிட்டேன். இனி அது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். அண்ணனே தன் கையால் அந்த வரிக்கு இறங்கி, அதன் மேல் நின்று, தட்டினால்தான் அவர் வீடு திறக்கும்.

மறுநாள் காலை முன்னறைச் சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஜாதகம் பார்க்க வந்தவர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். “ஜோசியரே, இன்னாது இது? யாரு இந்தப் பாவி?” அண்ணன் இருமினார். “அது கம்பெனிக்காரன் போட்டு அனுப்பறதுங்க.” “கம்பெனிக்காரனுக்கு அம்மன்லாம் தெரியுதே!” என்றார் வந்தவர். அன்று நான் இரண்டு கவளம் சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் திரையை அணைத்து வைத்துக்கொண்டு பெட்டியை முடுக்க ஆரம்பித்தார். குருட்டாம்போக்கில் ஒரு தரம் கீழே தட்டி, எண்டர் அடித்து, தன் பக்கம் வந்த பிறகு திரையைப் போடுவார். எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வரிகளையும் அவ்வப்போது மேல் கீழாக மாற்றினேன். அவர் குருட்டாம்போக்கில் தட்ட, என் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்டது. கண்ணைத் திறந்து படித்துத்தான் ஆக வேண்டும் என்றாயிற்று. அந்தக் கோப்பில் கை வைத்தால் ஜாதகங்கள் மொத்தமும் போய்விடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை நான் போக்கவில்லை. திரும்ப வாசலை அடைத்தாலும் பயனில்லை, பிளாப்பி என் சாமி அலமாரியில் இருக்கிறது. ஒருநாள் வந்து நின்றார்.

“இன்னாடா வெளையாட்டு இது? எட்த்துடு.”

“ஆத்தா முன்னாடி வந்து நின்னு, ஏன் பண்ணேன்னு சொல்லு. எட்த்துட்றேன்.”

வரவில்லை. தினமும் அந்த வரியைத் தட்டுவது அவருக்குச் சன்னிதியில் நிற்பதைவிட லேசாக இருந்தது போலும்.

ஐப்பசியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. அம்மன் பேரையே வைத்தோம். அதுதான் பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்று மாமா முதற்கொண்டு கேட்டார்கள். பிள்ளையைக் கொடுத்தவள் அம்மன். அதற்கு அண்ணன் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்? ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் என் மனைவி சுவரைப் பிடித்து நின்ற நாட்கள்தான் அவர் கொடுத்தவை. அவற்றை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. சில வருஷங்களில் அண்ணன் தன் பங்கு வீட்டை எனக்கே கிரயம் செய்துவிட்டுக் காட்டுப்பாக்கம் போனார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டார். பழைய பெட்டியில் தன் பாகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் மகன் வந்தான். அந்த ஆடியில் கைக்குழந்தையாக இருந்தவன். கல்யாண வயது கடந்துகொண்டிருக்கிறது. ஒரு நல்ல இடம் வந்திருக்கிறதாம், ஜாதகம் கேட்கிறார்களாம். பிறந்த நேரம் குறித்த காகிதம் மழைவெள்ளத்தில் போய்விட்டது. “அப்பா கணிச்சது இந்தப் பொட்டிலதான் கீதாம் சித்தப்பா.”

முடுக்கினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெட்டி முக்கி முனகி எழுந்தது. கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். அவன் குனிந்து படித்தான்.

“இது யாரு சித்தப்பா?”

“உங்கப்பன்.”

கீபோர்டில் கை வைத்தான். “இத ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாம் சித்தப்பா. மாத்திட்டு எடுத்துக்கட்டா?”

“கைய எடு. உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, சாப்ட்டுட்டுப் போ. உங்கப்பன வரச் சொல்லு. அந்த வரிமேல நின்னு அவரே தட்டட்டும்.”

“அவரு வரமாட்டாரு சித்தப்பா.”

“புள்ளைக்காக வரட்டும். புள்ளைக்காக ஒருத்தன் எப்டி பயப்படுவான்னு அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும்.”

என் மனைவி அவனுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினாள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. அவன் போன பிறகு பெட்டியை அணைக்கப் போனேன். “இருக்கட்டும்” என்றாள்.

அன்றிலிருந்து அணைக்கவில்லை. காலையில் விளக்கேற்றும்போது பார்க்கிறேன். கறுப்புத் திரையில் வெள்ளையாய் இரண்டு வரிகள், எந்த வரி என்று காட்டும் வெளிச்சக்கட்டை அண்ணன் வரியின் மேல் நிற்கிறது. காட்டுப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. அவர் வரட்டும். அந்த மெனு எண்ணிக்கை எண்ணாது. நானும் எண்ணவில்லை.