ஆரணிக்கு நான் போட்ட நூற்றுக்கு நூறு

சில மாதங்களுக்கு முன், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குட்மேய்ஸ் ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. மகள் ஆரணிக்கு அப்போது இரண்டு வயது. அந்த வயதில் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க ஹெல்த் விசிட்டர் என்கிற தாதி ஒருவர் வருவார். அதற்கு முன் பெற்றோர் இதை நிரப்பி வைக்க வேண்டும்.

பந்தை உதைப்பாளா? படி ஏறுவாளா? இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவாளா? ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள் — ‘ஆம்’, ‘சில வேளை’, ‘இன்னும் இல்லை’.

எனக்குத் தொழில், கார் ஓட்டப் பழக்குவது. மாணவர் கண்ணாடியைப் பார்க்க அரை விநாடி பிந்தினாலும் விடமாட்டேன். ஆனால், இது என் மகள் அல்லவா? இரண்டு பாடங்களுக்கு நடுவே, காருக்குள் இருந்தபடியே பத்து நிமிடத்தில் நிரப்பி முடித்தேன். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’!

மாலையில் மனைவி ராதிகா அதை வாசித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“இஞ்ச வாருங்கோ. இது ஆற்ற பிள்ளை?”

“ஏன், எங்கட ஆரணிதான்.”

“அவ எப்ப ரெண்டு சொல்லுச் சேர்த்துக் கதைச்சவ?”

“போன கிழமை ‘அப்பா பூ’ எண்டு சொன்னவ. நான் கேட்டனான்.”

“அது தும்மல்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “கதைக்காட்டி என்ன, எல்லாம் விளங்கும். பாரும்!” என்று வாசலில் கிடந்த அவளுடைய காலணியைக் காட்டி, “பிள்ளை, சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றேன். ஓடிப்போய் எடுத்து வந்தாள். நான் மீசையை முறுக்காத குறை.

“கையால காட்டினனீங்கள். கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

வைத்துக்கொண்டு சொன்னேன். ஆரணி என் முகத்தைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். அவ்வளவுதான்.

ராதிகா அவளுக்குப் பின்னால் போய் நின்று, “ஆரணி” என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு முறை... இல்லை. சட்டி மூடியைத் தட்டியபோதுதான் திரும்பினாள்.

கூப்பிட்டால் வராதபோதெல்லாம் பிடிவாதம் என்று நினைத்து எத்தனை தரம் அதட்டியிருப்பேன்?

ஹரோவில் இருக்கும் அண்ணையைப் போனில் பிடித்தேன்.

“டேய், நீயே மூண்டு வயசு மட்டும் வாய் திறக்கேல்லை. இப்ப என்ன குறைஞ்சு போனாய்?” என்றார்.

நான் எதில் குறைந்து போனேன் என்று ராதிகாவைக் கேட்டால் பட்டியலே தருவாள். கேட்கவில்லை. படிவத்தைத் திருத்தினோம். ‘இன்னும் இல்லை’ என்ற கட்டத்தில் பேனாவை வைக்கும்போது, ஏதோ மகளைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது.

வந்த தாதி மலேசியத் தமிழர். கலகலப்பான பெண்மணி. தரையில் உட்கார்ந்து ஆரணியோடு கட்டை அடுக்கினார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “வீட்டில தமிழ், வெளியில இங்கிலிஷ்... அதாலதான் பிந்துதோ? தமிழை நிப்பாட்டட்டோ?”

“ஐயோ, வேணாம் சார்! ரெண்டு மொழியால பிள்ளைக்குப் பேச்சு கெடாது. நீங்க தமிழே பேசுங்க. முதல்ல காது எப்படி இருக்குன்னு பார்த்துடுவோம்.”

கிளினிக்கில் ஆரணி என் மடியில். சத்தம் வரும் பக்கம் பிள்ளை திரும்பினால், அங்கே பெட்டிக்குள் ஒரு பொம்மை ஒளிரும். நான் மட்டும் அசையக் கூடாது — பிள்ளைக்குக் குறிப்புக் காட்டியதாகிவிடும்.

மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. எனக்குக் கேட்டது. மடியில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. இன்னொன்று... அதுவும் இல்லை. நான் அசையாமல் இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சிரமப்பட்டு வேறெங்கும் சும்மா இருந்ததில்லை.

இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் பசை போல நீர் தேங்கியிருந்ததாம். சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது, பலருக்குத் தானாகவே வற்றிவிடும், வற்றாவிட்டாலும் வழி இருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அதுவரை டிவியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேரே இருந்து பேசச் சொன்னார்கள்.

பேசினோம். காரில் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முகம் பார்க்காமல், நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு பேசிப் பழகியவன் நான். இப்போது தரையில் குப்புறப் படுத்து, அவள் கண்ணைப் பார்த்து, “வாழைப்பழம்” என்று இருபது தரம் சொல்கிறேன். ‘பளம்’ வந்தது. பிறகு ‘தா’ வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஒரு காது தெளிந்துவிட்டது. மற்றதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது.

உங்கள் வீட்டுக் குட்டியைப் பற்றியும் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறதா? படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால் நிம்மதி. ஏதோ இருக்கிறது என்றால், நேரத்தோடு தெரிந்ததே நிம்மதி.

போன ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க்கடை வாசலில் தெரிந்தவர் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் நீண்டுவிட்டது. காற்சட்டையை யாரோ இழுத்தார்கள்.

“அப்பா, கதை காணும். வாங்கோ!”

கதைத்தது போதுமாம்! கடைக்குள் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும் சத்தம். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து ராதிகாவிடம் சொன்னேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “இதை நான் எட்டு வருஷமாச் சொல்லுறன்... ஒருத்தரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடேல்லை.”