மல்லாத்தி வைத்த மூடி

நான் ஏணியிறங்கிக் கப்பலின் சமையலறைக்குள் கால் வைத்ததும் பேச்சு நிற்பதில்லை, மாறிவிடுகிறது. அதுவரை தமக்குள் விழுங்கி விழுங்கிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொற்களை நிறுத்தி நிறுத்தி, வானிலை பற்றி என்னிடம் விசாரிப்பார்கள். நோவா ஸ்கோஷியாவின் இச்சிறு துறைமுகத்தில், ஸ்கூனர் எனப்படும் பாய்மரக் கப்பலொன்றில் எனக்கு இது முதற்கோடை. முன்னர் மீன்பிடிக்கப் போன கப்பல் இப்போது உல்லாசப் பயணிகளை ஏற்றுகிறது. ஆயினும் மாலுமிகள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். தூண்டிற்கயிற்றையும் பழைய மீனவர் பேச்சையும் அவர்கள் விடவில்லை. தேநீர் வேளை அவர்களுக்கு ‘மக்கப்’. தட்டையடிச் சிறுபடகு ‘டோரி’. எனக்குக் கற்றுத்தரப்பட்டவை இவ்விரண்டே.

என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். தோட்டத்துரையின் ஜீப் வளைவில் தென்பட்டதும் கொழுந்து மலையில் பேச்சு எப்படித் திரும்பும் என்பதை இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் காதுபட மழையைப் பற்றிப் பேசுவோம். அவரைப் பற்றிய பேச்சு, ஜீப் மறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மழையைப் பற்றிப் பேசுபவர்களை நான் நம்பாததற்கு அதுவே காரணம்.

கோடை முடிந்த பின்னும் கப்பல் தலைவர் ரொனால்ட் என்னை வைத்துக்கொண்டால்தான் என் மனைவி செல்வியையும் மகளையும் இங்கே அழைக்க முடியும். ஆகவே ஏவாத வேலைகளையும் செய்துவந்தேன். சென்ற வாரம் ஒரு காலை, பயணிகள் வருமுன், சரக்கறை வாயின் மரமூடியைக் கழற்றினேன். அடிப்புறம் பாசி பிடித்திருந்தது. எங்கள் லயத்தில் பாத்திரத்தின் அடிப்புறம் கரியாக இருந்தால் அம்மா மறுபடி துலக்கச் சொல்வார். மூடியைத் தளத்தில் மல்லாத்தி வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

முதலில் கண்டவன் கால்வின், என் வயதுடைய மாலுமி. அவன் போய் ரொனால்டை அழைத்துவந்தான். ரொனால்ட் மூடியையும் என்னையும் பார்த்தார். “இன்று கப்பல் போகாது. நீ வீட்டுக்குப் போ” என்றார்.

பயணிகளைத் திருப்பி அனுப்பினார்கள். மூடி மல்லாந்தால் கப்பலும் அவ்வாறே கவிழும் என்பது அவர்கள் வழக்கம் என்று, சமையல் பார்க்கும் மார்ஜ், கப்பலைக் கட்டியிருந்த துறைப்பாலத்தருகே சொன்னாள். நான் நம்பவில்லை. ஒரு பலகைக்காகவா ஒரு நாள் பயணத்தை விடுவார்கள்? என்னை விலக்கக் காரணம் தேடியிருந்தார்கள். நானே கொடுத்துவிட்டேன் என்றே எண்ணினேன்.

மாலையில் செல்வியை அழைத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது, அவள் பெரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“மூடியத் திருப்பிப் போட்டதுக்கா அனுப்பிட்டாங்க? சும்மா சொல்றாங்க” என்றேன், மார்ஜ் கூறியதை ஏளனமாகச் சொல்லி.

“ஏன் சும்மா சொல்லணும்? மொதக் கொழுந்தக் கூடையில போடறப்ப நாங்க ‘பொலி, பொலி’ன்னு சொல்றோமே, அது சும்மாவா?”

“அது வேற.”

“என்னாங்க வேற? புதுசா வந்த கணக்கப்பிள்ள அதக் கேட்டுச் சிரிச்சாரே, ஒங்கம்மா என்னா செஞ்சாங்க?”

அம்மாவும் அவரோடு கொழுந்தெடுக்கும் பெண்களும் கணக்கப்பிள்ளையோடு பேச்சை நிறுத்தினார்கள். சில நாளில் அவரே வந்து, ஒரு பிடிக் கொழுந்தைக் கண்ணில் ஒற்றி உரக்கப் பொலி சொன்னார்.

“அவர் சொன்னப்புறமும் நீங்க யாரும் நம்பலியே” என்றேன்.

“பின்ன? நாடகக்காரன் மாதிரி சொன்னா? நீங்க போயி அப்படி எதும் ஆடாதீங்க. போனமா, வேலையப் பாத்தமான்னு இருங்க. அந்தப் பலகையப் பக்கத்துல போயி மோந்துகூடப் பாக்காதீங்க” என்று சிரித்தாள்.

மறுநாள் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை, நம்புவதாக நடிக்கவும் இல்லை. ரொனால்ட் மூடியைக் காட்டி, “எடு” என்றார். மாலுமிகள் நால்வரும் தத்தம் வேலையை நிறுத்தினார்கள். மேற்புறம் மேலாகவே இருக்கத் தூக்கி, அப்படியே தளத்தில் வைத்தேன். எவரும் பாராட்டவில்லை. கப்பல் புறப்பட்டது.

துறைமுகவாய் கடந்ததும் தூண்டில் போட டோரியை நீரில் இறக்கினார்கள். டோரியில் இருவர் இணைந்தால் அப்பிணைப்பு ஒரு பருவத்தோடு முடிவதில்லை. அடுத்த கோடைக்கு இல்லாதவனை எவரும் இணையாக அழைப்பதில்லை. இதையும் மார்ஜ்தான் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

“வா, தேயிலைக்காரா. இதில் மூடி ஒன்றும் இல்லை” என்றான் கால்வின்.

எல்லோரும் சிரித்தார்கள். ரொனால்ட் மறுக்கவில்லை. செல்வி வரலாம் என்று அப்போதுதான் என் நெஞ்சு துணிந்தது. அடுத்த கணமே, மூடிகளிடமிருந்து என்னைத் தொலைவில் வைக்கத்தான் இந்த ஏற்பாடோ என்றும் நினைத்தது. துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டியே அமர வேண்டும். முன்னே கால்வினின் முதுகு; அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அவன் தோளுக்கு அப்பால், நான் இன்னும் முழுதாய் வந்து சேராத கரை, ஒவ்வொரு வலிப்புக்கும் சிறுத்துக்கொண்டே போயிற்று.